பதினோராம் நிலை, வடக்குச் சுவர்

பாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை நான் பதினாறு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். தயிர் சாதமும் மாவடுவும். மாவடுவில் இரண்டை நான் எடுத்துக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கையில் போன், ஒரு காதில் மட்டும் இயர்போன், முகம் சிவந்து கிடந்தது.

முழுப் பெயர் சத்யபாமா. வயது நாற்பத்து மூன்று. பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம் உத்திர வீதி, இப்போது குடியிருப்பது திருவானைக்காவலில் ஒரு ஃபிளாட்டில், கணவரோடும் அம்மாவோடும். நான் ஜெஸ்லின், பாலக்கரைக்காரி. நில அளவை அலுவலகத்தில் இருவரும் வரைவாளர்கள், அடுத்தடுத்த மேஜை. அளக்கப் போகிறவர்கள் கொண்டுவரும் எண்களை வைத்து வயலுக்கும் மனைக்கும் எல்லைக்கோடு போட்டுப் படமாக்குவது எங்கள் வேலை. ஒரு கோடு நூலளவு நகர்ந்திருந்தால் எனக்குத் தெரியாது, பாமாவுக்குத் தெரியும். தெரிந்ததோடு நிற்கவும் மாட்டாள். ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோட்டத்துக்காக மூன்று தடவை ஆட்களைத் திருப்பி அனுப்பி அளக்க வைத்தவள். அலுவலகத்தில் அவளைப் பற்றி நல்ல பேச்சும் உண்டு, மற்ற பேச்சும் உண்டு. மற்ற பேச்சில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பானேன்.

என்னடி ஆச்சு என்று கேட்டேன். இயர்போனின் இன்னொரு பக்கத்தை என் காதில் செருகி, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். புனேயில் இருக்கும் அவள் அண்ணன் தேசிகன் குடும்ப குரூப்பில் அனுப்பியிருந்த வீடியோ அது. கண்ணாடி போட்ட, முன்நெற்றி ஏறிய ஒரு மனிதர் பழைய பெட்டி மாதிரி மானிட்டர் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் பிரஹலாத். தேசிகனோடு ஒன்றாகப் படித்தவர், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, கொரோனாவில் ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர் அப்படியே இங்கே தங்கிவிட்டார். வேலை போக மிச்ச நேரத்தில் தொண்ணூறுகளின் வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து மறுபடி ஆடி, அதைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுகிறார். பதினோராயிரம் பேர் பார்க்கிறார்களாம். மனுஷனுக்கு என்னென்ன வேலையெல்லாம் இருக்கிறது பாருங்கள்.

அன்றைக்கு அவர் பேசிய கேமின் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. பாமா வீட்டில் அதற்குப் பெயர் கிணறு. மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவன் ஒரு கிணற்றுக்குள் இறங்குவான். அடியில் தண்ணீரில் மூழ்கிய ஓர் அரண்மனை. தாவ வேண்டும், நீந்த வேண்டும், சுட வேண்டும், பாறை உருட்டும் பொறிகளுக்குத் தப்ப வேண்டும். பதினாறு நிலைகள். பதினோராவதில் தூண்களும் முழங்கால் அளவு தண்ணீருமாக ஒரு பெரிய மண்டபம் வரும், அதிலிருந்து வெளியே போக வழியே கிடையாது. அந்தக் காலத்தில் இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கவும் முடியாது. எங்கோ நகல் எடுத்து வந்த சிடி, கூட வரவேண்டிய புத்தகமும் இல்லை. ஊரில் அந்த கேமை ஆடிய அத்தனை பேரும் அந்த மண்டபத்தில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தார்களாம்.

பிரஹலாத் அங்கே நிறுத்தி, கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "மூணு மாசம் யாருக்கும் தெரியலை. வடக்குச் சுவர்ல ஒரு ரகசியக் கதவு இருக்கு. தொண்ணூத்தெட்டுல, எங்க ஸ்ரீரங்கத்துல, அதை முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்."

பாமா வீடியோவை அங்கேயே நிறுத்தினாள். "பொய்," என்றாள். "அது நான்."

நான் சிரித்துவிட்டேன். கேமில் ஒரு கதவை யார் திறந்தால் என்ன, இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது, போன் இல்லாத காலத்து விஷயம், விடுடி என்றேன். அவள் விடவில்லை. சாயங்காலம் நானும் அவளோடு அவள் பஸ்ஸில் ஏறினேன், காவிரிப் பாலம் வந்ததும் முழுக்கதையையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது என் சிரிப்பு போயிருந்தது.

தேசிகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவர்கள் அப்பா கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர். அதை முற்றத்தை ஒட்டிய கூடத்தில் வைத்து, தினமும் மாலையில் தேசிகனும் பிரஹலாதும் இன்னும் ஒன்றிரண்டு பையன்களும் கிணற்றுக்குள் இறங்குவார்கள். பாமா அப்போது பிளஸ் ஒன். அவளுக்கு நாற்காலி கிடையாது, கீபோர்டும் கிடையாது. பின்னால் நின்று பார்க்கலாம். பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாதவள் என்பதால், அண்ணனின் கிராஃப் தாளை எடுத்து ஒவ்வொரு நிலைக்கும் படம் வரைந்தாள். எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் எத்தனை தாவல், எந்தப் பக்கம் வடக்கு, எங்கே பொறி. பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆடினார்கள். அடுத்த பிறவியில் இவள் நில அளவைக்குப் போவாள் என்று அன்றைக்கே கிண்டல் செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பிறவிகூடத் தேவைப்படவில்லை.

மாதத்தில் மூன்று நாள் அந்தப் பின்னால் நிற்கும் இடமும் கிடையாது. ஆத்துக்குத் தூரம் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த நாட்களில் பெண்கள் கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் தனியாக உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய், எதையும் யாரையும் தொடக்கூடாது, கூடத்துப் பக்கம் வரக்கூடாது. எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, அதையும் இன்னொரு பையில் போட்டுத்தான் கடையிலிருந்து நாப்கின் வாங்கி வருவோம். அதனால் அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது முற்றத்தைப் பார்க்கும். கூடம் தெரியாது, ஆனால் கூடத்தில் நடப்பது அவ்வளவும் கேட்கும். கார்த்திகை மாதம், பையன்கள் பதினோராம் நிலையில் மூன்றாவது மாதமாக மாட்டிக்கொண்டு கிடந்தபோது பாமா அங்கே உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் முழுக்க மஞ்சள் கோட்டுக்காரன் தண்ணீரில் ஓடும் சளக் சளக் சத்தமும், சுவர்களில் நீர் சொட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது நாள் அவளுக்கு ஒன்று உறைத்தது. மண்டபம் முழுக்கச் சொட்டும் நீர், வடக்குச் சுவரின் நடுவில் ஓரிடத்தைக் கடக்கும்போது மட்டும் நிற்கிறது. இரண்டு அடி தாண்டினால் மறுபடி சொட்டுகிறது. படம் முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. ஓடுகிற காலடியை எண்ணி இடத்தைக் குறித்துக்கொண்டாள். அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் இல்லாத ஓர் அறை இருக்க வேண்டும்.

மூன்றாவது நாள் தேசிகன் எங்கோ கடைக்குப் போயிருந்தான். கீபோர்டில் பிரஹலாத் மட்டும். பாமா ஜன்னல் பக்கம் வந்து, வடக்குச் சுவர், நாலாவது தூணுக்கு நேரே, அங்கே சுடுங்கோ என்று சத்தமாகச் சொன்னாள். கூடத்தில் ஓட்டச் சத்தம் நின்றது. நாலு தடவை துப்பாக்கிச் சத்தம். பிறகு சுவர் இடிந்து விழும் சத்தம். பையன்கள் மூன்று மாதம் பார்த்தும் கண்ணில் படாததை அவள் பார்க்காமலே கேட்டாள். தேசிகன் திரும்பி வந்ததும் பிரஹலாத், கண்டுபிடிச்சுட்டேன்டா என்று கத்தியதையும் கேட்டாள். அதற்குப் பிறகு தெருவெல்லாம் அதுதான் பேச்சாக இருந்தது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, நான்தானே சொன்னேன் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாளாம். நீ அங்கயே இல்லையேடி என்று அவன் சொல்லிவிட்டான்.

அதைத்தான் இருபத்தேழு வருஷமாக அவளால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே இல்லை என்றது. இப்போது பதினோராயிரம் பேர் முன்னால் அதையே மறுபடி சொல்கிறார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தக் கதவைக் கண்டுபிடித்தது சத்யபாமா என்று பிரஹலாத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

மறுநாளே வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டாள், அந்தக் கதவைக் கண்டுபிடித்தது நான், சத்யபாமா, உத்திர வீதி என்று. பிரஹலாத் ஒரு சிரிப்புப் படம் போட்டு, பாமா, நீ இன்னும் இதையெல்லாம் ஞாபகம் வெச்சிண்டு இருக்கியே என்று பதில் எழுதினார். அவர் அதை வேடிக்கை என்றே நினைத்துவிட்டார். அதற்குக் கீழே யாரோ ஒருவன், அக்கா ஆதாரம் இருக்கா என்றான். இன்னொருவன், எங்க பாட்டியும் நிலாவுக்குப் போனாங்க என்றான். அதற்கு எழுபது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள். தேசிகனுக்கு ஞாபகம் இல்லையாம். யார் கண்டுபிடிச்சா என்ன இப்போ, குழந்தைகளுக்குப் பரீட்சை என்று போனை வைத்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்தில் அந்த எழுபது பேர் வீட்டு எல்லைக்கோட்டையும் இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

பாமா வேறு விதமாக யோசித்தாள். இருபத்தேழு வருஷத்து ஞாபகத்தை வைத்துச் சண்டை போடுவது தப்பு, முதலில் நான் கேட்டது நிஜம்தானா என்று மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்றாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள் அல்லது மறந்திருப்பார்கள். இவள் அந்த கேமை வாங்கித் தன் லேப்டாப்பில் ஏற்றினாள்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கிணற்றில் பையன்கள் போன ஒவ்வொரு மூலையும் அவளுக்கு மனப்பாடம், ஆனால் ஒரு தடவைகூட அவள் அதை ஆடியதில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் நான் அவள் ஃபிளாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எங்கே தாவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. மஞ்சள் கோட்டுக்காரன் முதல் நிலையின் முதல் கிணற்றிலேயே முப்பது தடவைக்கு மேல் விழுந்து செத்தான். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, விழுந்தவனைத் திட்டி, மறுபடி ஏற்றுவாள். அவள் அம்மா வந்து எட்டிப் பார்த்து, ஆஃபீஸ் வேலையா என்று கேட்பார். ஆமாம்மா, கிணறு அளக்கறோம் என்பாள். அந்த வயதில் கிடைக்காத நாற்காலியில் இந்த வயதில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை பதினோராம் நிலை வந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளி, நீ ஓடு என்றாள். பிறகு திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவரை ஒட்டித் தட்டுத் தடுமாறி ஓடினேன். அந்தச் சொட்டு நீர்ச் சத்தம், நின்றது. எனக்கே கேட்டது. கெடுதல் என்னவென்றால், இப்போது விற்கிற கேமைப் புதுசாக மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு மேலே ஒரு மஞ்சள் அம்புக்குறி மின்னியது. கண்ணுள்ள யாருக்கும் தெரியும். இதைக் காட்டினால் எந்த ஆதாரமும் ஆகாது.

பழைய கேம் பழைய கம்ப்யூட்டரில் பிரஹலாத் வீட்டில் இருந்தது. அவரையே கூப்பிட்டாள். அவர் ரொம்ப மரியாதையாக, வா பாமா, ஒரு வீடியோவே பண்ணிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். அவர் அம்மா காபி கொடுத்தார், பாமாவின் அம்மாவை விசாரித்தார். எல்லாம் அவ்வளவு நயமாக இருந்ததால் சண்டைக்கு வந்தவர்கள் என்பதே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. கேமராவை ஏற்றிவிட்டு பிரஹலாத் பாமாவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். பக்கத்து அறையில் உட்கார்கிறேன், கதவு மட்டும் திறந்திருக்கட்டும், நீங்கள் ஆடுங்கள், எங்கே சுட வேண்டும் என்று நான் அங்கிருந்து சொல்கிறேன் என்றாள்.

பதினோராம் நிலை அவளுக்குத் தெரிந்த இடம், அதில் காட்டினால் எவனாவது மனப்பாடம் என்பான் என்று நான் குறுக்கே புகுந்தேன். அவளுக்குத் தெரியாத இடமாக ஒன்று சொல்லுங்கள் என்றேன். பிரஹலாத் யோசித்து, பதினாலாம் நிலையில் ஒரு ரகசிய அறை இருப்பதாகவும், தனக்கே அது போன வருஷம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்தது என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் பையன்கள் பதிமூன்றாம் நிலையைத் தாண்டியதே இல்லை. பாமா அந்த நிலையைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. சரி என்று பக்கத்து அறைக்குப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பதினாலாம் நிலையில் தண்ணீர் இல்லை, காற்றுதான். நீளமான தாழ்வாரங்களில் காற்று ஊளையிட்டது. பிரஹலாத் ஓடினார். பத்து நிமிஷம் கழித்து பாமா நில்லுங்கோ, இங்கே என்றாள். அவர் சுட்டார். சுவர் அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு வந்தது. பரவாயில்லை பாமா என்று சொல்லவே வாயெடுத்துவிட்டார். உள்ளேயிருந்து பாமாவின் குரல், ஃபேனை நிறுத்துங்கோ என்றது.

மின்விசிறியை நிறுத்தினோம். அவர் அம்மா சமையல்கட்டில் ஓடவிட்டிருந்த மிக்சியையும் நிறுத்தச் சொன்னோம். மூன்று பேரும் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். பிரஹலாத் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தார். பாமா இரண்டு சுற்று ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது சுற்றில், நில்லுங்கோ, மூணடி பின்னால, இடது பக்கம், தரையை ஒட்டிச் சுடுங்கோ என்றாள். அவர் சுட்டார். சுவர் சரிந்து விழுந்தது.

பிரஹலாத் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாமா வாசற்படியில் வந்து நின்றாள். எப்படி என்று அவர் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

"நான் அப்போ தூரம். மூணு நாளும் கொல்லை ரூம்ல உக்காந்திருந்தேன். உங்களுக்கெல்லாம் கண் இருந்தது, எனக்குக் காது மட்டும்தான் இருந்தது. ஜன்னல்லேர்ந்து நான் சொன்னேன், நீங்க சுட்டேள். எங்காத்துல நான் அங்க இல்லைன்னு சொல்லிட்டா. நான் அங்கதான் இருந்தேன்."

பிரஹலாத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, ஒரு குரல் வந்தது உண்மைதான் என்றார். தேசிகனிடம் அதை எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லையாம். உன் தங்கை அந்த அறையிலிருந்து என்னோடு பேசினாள் என்று ஒரு பையன் எப்படிச் சொல்வான். அந்த விஷயத்தைப் பற்றி ஆண்பிள்ளைகள் வாயே திறக்கக்கூடாது என்று அவர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அதனால் நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டார். பத்துத் தடவை சொன்ன பிறகு அதுவே நிஜமாகிவிட்டது. இப்போது மனுஷர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. அவர் திருடியதும் மரியாதைக்காகத்தான்.

திரும்பி வரும்போது பாமா ஆட்டோவில் சிரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும் ஏதோ ஒரு பெரிய கேஸ் ஜெயித்த மாதிரி பாலக்கரைக்குப் போனேன்.

அந்த வியாழக்கிழமை வீடியோ வந்தது. தலைப்பிலேயே சத்யபாமா என்ற பெயர். பிரஹலாத் ஆரம்பத்திலேயே கை கூப்பி, தான் இத்தனை வருஷம் சொன்னது தவறு, அந்தக் கதவைக் கண்டுபிடித்தது தன் நண்பனின் தங்கை சத்யபாமா என்று சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலாம் நிலை வந்தது, ஃபேனை நிறுத்தியது வந்தது, சுவர் சரிந்தது. அடுத்து அவள் வாசற்படிக்கு வந்து பேச வேண்டும். அது வரவில்லை. அதற்குப் பதிலாக பிரஹலாத் தனியாக உட்கார்ந்து, பாமாவுக்குச் சின்ன வயசிலிருந்தே காது ரொம்பக் கூர்மை, வீணை கற்றுக்கொண்டவள், அந்த சங்கீத ஞானம்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

பாமா வீணையை நவராத்திரி கொலுவில் பொம்மையாகத்தான் பார்த்திருக்கிறாள். கீழே கருத்துகள் குவிந்தன. ஸ்ரீரங்கத்துப் பெண்களின் கலைஞானம் பற்றி ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஆதாரம் கேட்டவன் மன்னிப்புக் கேட்டு, எங்கள் தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுங்கள் அக்கா என்றிருந்தான். அவள் அம்மா அன்று மாலையே பார்த்துவிட்டு, நல்லவேளை, பிரஹலாத் சமத்து, ஏதாவது அசட்டுத்தனமா நீ உளறிடுவியோன்னு பயந்துண்டிருந்தேன், வீணைன்னு சொல்லி அழகா முடிச்சுட்டான் என்று சந்தோஷப்பட்டாராம். உளறத்தான் உளறினேன் என்று பாமா அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலக வராந்தாவில் நின்று அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடு என்று நான் சைகை காட்டினேன், போட்டாள்.

நான் சொன்னது எங்கே என்று கேட்டாள். பிரஹலாத் தயங்கினார். பொதுவில் வேண்டாம் என்று பார்த்ததாகச் சொன்னார். தன் அம்மா பார்க்கிறார், பாமாவின் அம்மாவும் பார்ப்பார், நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், பிறகு வருத்தப்படப் போவது பாமாதான், எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்றார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது, அதுதான் எரிச்சலே.

"தொண்ணூத்தெட்டுலயும் என் நல்லதுக்குத்தான் சொல்லாம விட்டேளா அண்ணா?"

"நீ பேரைத்தானே கேட்ட பாமா. பேரைப் போட்டுட்டேனே," என்றார்.

பாமா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எவ்வளவு நாளாக அந்தப் பெயருக்குக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்து சனிக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

"என் பேரை வேணும்னா எடுத்துடுங்கோ," என்றாள். "நான் சொன்னதைப் போடுங்கோ."

அவர் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். பார்க்கிறேன் என்றால் எங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் நம்பவில்லை. பாமாவும் நம்பவில்லை. அன்று சாயங்காலம் அவள் வரைந்த ஒரு படத்தில் நானே ஒரு தப்பு கண்டுபிடித்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. காட்டவில்லை, திருத்தி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பழைய வீடியோவைக் காணோம், புதிதாக ஒன்று இருந்தது. வீணை போயிருந்தது. வாசற்படியில் அவள் நின்று பேசியது முழுக்க இருந்தது. அதற்குப் பிறகு பிரஹலாத் தான் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று சொன்னதும் இருந்தது. பெயரை அவர் எடுக்கவில்லை. பாமா அதை அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். கீழே எழுதியிருப்பதைப் படிக்காதே என்று மட்டும் எனக்குச் சொன்னாள். நான் படித்தேன். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் எங்கள் இருவருக்குமே பயம் அவர்களைப் பற்றி இல்லை. அவள் அம்மாவைப் பற்றித்தான். பாமாவைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் அவளோடு திருவானைக்காவலில் இறங்கினேன். வேடிக்கை பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது. நாங்கள் போனபோது அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். போன் முகத்துக்கு நேரே, சத்தம் முழுசாக. பக்கத்து வீட்டில் யாரோ அனுப்பிவிட்டிருக்கிறார்கள். நான் அங்கதான் இருந்தேன் என்று பாமாவின் குரல் அந்த ஹால் முழுக்கக் கேட்டது.

அவர் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. விரலால் தடவி அந்த இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை கேட்டார். பாமா கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே நின்றாள். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா, உனக்கு வெட்கம் இல்லையா, அப்பா இருந்தால் என்ன ஆகியிருக்கும், இதில் எது முதலில் வரும் என்று நான் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா போனை மேஜையில் வைத்தார்.

"கொல்லை ரூமுக்கு வந்து சாதத்தைத் தட்டுல போட்டுட்டுப் போவேன். நீ கண்ணை மூடிண்டு படுத்திண்டிருப்ப," என்றார். "தூங்கறேன்னு நெனச்சுண்டிருந்தேன்டி."

"இல்லைம்மா," என்றாள் பாமா. "கேட்டுண்டிருந்தேன்."